குச்சி மீனும் வீட்டுத் தொட்டியும்



சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு வகுப்பறையின் பின்புறம் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்தோம். இரண்டடி நீளமுள்ள சிறிய தொட்டிதான். தொட்டி வைத்த மறுவாரம் ஒரு மாணவனின் தந்தை, ஈப்போவுக்குப் போன இடத்தில் இரண்டு வேடிக்கையான மீன்களை வாங்கி வந்து பள்ளிக்குக் கொடுத்தார். பார்ப்பதற்கு ரப்பர் மரத்திலிருந்து ஒடிந்து விழுந்த காய்ந்த குச்சிகளை நீரில் போட்டது போலவே இருந்தன. உயிர் இருக்கிறதா என்று பார்க்கப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். "இது தொட்டியைச் சுத்தம் செய்கிற மீன். தீனி ஒன்றும் போட வேண்டாம், அழுக்கைத் தின்று பிழைத்துக்கொள்ளும்" என்று கடையில் சொன்னார்களாம். படித்த ஆசிரியர்களாகிய நாங்களும் அதை நம்பினோம்.

ஆறாம் நாள் ஒரு மீன் இறந்தது. ஒன்பதாம் நாள் மற்றதும் போயிற்று. பிள்ளைகள் பள்ளிக்குப் பின்னால், வாழைக்கன்றுகளுக்கு அருகில் குழி தோண்டிப் புதைத்தார்கள். அப்போது ஒரு சிறுமி, "டீச்சர், நாம என்ன தப்பு செஞ்சோம்?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல எங்களால் இயலவில்லை. பிறகு தேடிப் படித்தோம், மீன் வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்தோம், மறுபடியும் வளர்த்துப் பார்த்தோம். அவ்வாறு தெரிந்துகொண்டவற்றையே இன்று உங்களோடு பேச வந்திருக்கிறோம்.

முதலில் இந்த மீன் எதுவென்று பார்ப்போம். இது கெளுத்தி இனத்தைச் சேர்ந்தது. ஆனால் நம் வாய்க்கால்களில் பிடிபடும் கெளுத்தியைப் போல வழவழப்பான தோல் இதற்குக் கிடையாது. உடல் முழுவதும் எலும்புத் தகடுகளை வரிசையாக அடுக்கி வைத்தது போன்ற கவசம் உண்டு. மூக்கு கூர்மையாக நீண்டிருக்கும். வால் மெலிந்து, அதன் ஓரத்தில் சாட்டை நுனி போல இழைகள் நீளும். அதனால் இந்தக் கூட்டத்தைச் சாட்டைவால் கெளுத்திகள் என்று சொல்லலாம். இவற்றுள் மிகவும் மெலிந்தவையே நம் குச்சி மீன்கள். பகல் வேளையில் ஒரு தண்டின் மீது வாயால் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். பறவையும் பெரிய மீனும் குச்சியென்று எண்ணிப் போய்விடும் அல்லவா? அதுவே இதன் தற்காப்பு.

தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் முறையாகப் பெயர் சூட்டும் வழக்கத்தை ஏற்படுத்திய லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர், 1758இல் இக்கூட்டத்து மீன் ஒன்றுக்கு லொரிகாரியா என்று பெயரிட்டார். லத்தீன் மொழியில் லொரிகா என்றால் போர்வீரர் அணியும் மார்புக் கவசம். குச்சி மீன்களைத் தனிப் பிரிவாக்கி ஃபார்லோவெல்லா என்று பெயர் வைத்தவர்கள் ஐகன்மன் என்னும் அமெரிக்கத் தம்பதியர், ஆண்டு 1889. ஃபார்லோ என்பவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துத் தாவரவியல் பேராசிரியர், பாசிகளை ஆராய்ந்தவர். இந்த மீன் உண்பதும் பாசியைத்தான்! இதைப் பாசி ஆராய்ச்சியாளர் ஒருவரின் பெயரால் அழைத்ததில் நல்ல நயம் இருக்கிறது.

ஃபார்லோவெல்லாவில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. எல்லாம் தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. 2023ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மூவர் இந்தப் பட்டியலில் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். அமேசானோடு கலக்கும் தப்பஜோஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் அந்த மீனுக்கு ஃபார்லோவெல்லா வுய்ஜுகு என்று பெயர். ஒரு மீனைப் புதிய இனமென்று அறிவிப்பது எளிதான காரியமல்ல. சாராயத்தில் பதப்படுத்திய மீன்களைக் கையில் எடுத்து, தகடு தகடாக, துடுப்புக்கதிர் கதிராக எண்ணி, ஏற்கெனவே பெயர் பெற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். வுய்ஜுகுவைக் காட்டிக்கொடுத்தது அதன் தொண்டை. மற்றக் குச்சி மீன்களுக்குத் தொண்டையின் அடிப்பக்கத்திலும் சிறு தகடுகள் இருக்கின்றன. இதற்கு அந்த இடத்தில் வெறும் தோல் மட்டுமே. இவ்வளவு சிறிய வேறுபாடு! கண்டுகொள்வதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

கடைகளில் நெடுங்காலமாக விற்கப்பட்ட மீனுக்கே சரியான பெயர் இல்லாதிருந்ததும் உண்டு. உடல் முழுதும் கண்ணாடி போலத் தெரியும், எலும்பை எண்ணிவிடலாம், அந்தக் கண்ணாடிக் கெளுத்தியைப் பார்த்திருப்பீர்கள். பல்லாண்டுகள் வேறொரு மீனின் பெயரில் அது விற்கப்பட்டு வந்தது. நமக்கு அண்டை நாடான தாய்லாந்தில் வாழும் அந்த மீனுக்கு அதற்குரிய அறிவியல் பெயர் கிடைத்தது 2013இல்தான்.

தப்பஜோஸ் என்ற பெயர் நமக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஆற்றோடு நமக்கு உறவு உண்டு. 1876இல் ஹென்றி விக்ஹாம் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைத் திரட்டி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றாரே, அவை தப்பஜோஸ் ஆற்றங்கரைக் காடுகளில் பொறுக்கியவை. அந்த விதைகளின் வழிவந்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கன்றுகள் நமது பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில், அப்போது ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் இல்லத்தருகே நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று இன்றும் கோலகங்சாரில் வேலிக்குள் நிற்கிறது. நம் தாத்தா பாட்டிமார் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய மரங்களின் பிறந்த வீடு அந்த ஆற்றங்கரை. அந்த மரத்தின் ஊர்க்காரன்தான் இந்தக் குச்சி மீன் என்று வகுப்பில் சொன்னபோது, பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வுய்ஜுகு என்ற பெயரும் ஒரு காரணத்தோடு வைக்கப்பட்டது. தப்பஜோஸ் பள்ளத்தாக்கில் முண்டுருக்கு என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் தங்களைத் தங்கள் மொழியில் அழைத்துக்கொள்ளும் பெயர் அது. அவர்களுடைய நிலத்தில் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கம் தோண்டுவோர் புகுந்து ஆற்றைக் கலக்குகிறார்கள். தங்கத்தைப் பிரிக்கப் பயன்படும் பாதரசம் நீரில் கலந்து, மீனில் ஏறி, மீனை உண்ணும் மக்களின் உடலில் சேர்கிறது. கிந்தா பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஈயம் தோண்டியதில் நம் மண் எவ்வாறு புரட்டப்பட்டது என்பதை நாமே கண்டிருக்கிறோம். தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை ஓடிய ஈயக் கப்பலைப் பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகள் பார்த்து வருகிறார்கள். அது விட்டுச் சென்ற குட்டைகள் போல எத்தனையோ குட்டைகள் நம் வீடுகளைச் சுற்றிலும் இருக்கின்றன. அந்தக் குட்டைகளைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

இனி, நாங்கள் செய்த தவறுகளுக்கு வருவோம். கடையில் வருபவை பெரும்பாலும் வுய்ஜுகுவின் உறவினர்கள்தாம். ஃபார்லோவெல்லா விட்டாட்டா என்பது அடிக்கடி வருகிறது. வளர்ப்பு முறையில் இந்த உறவினர்களுக்குள் பெரிய வேறுபாடில்லை.

சுத்தம் செய்யும் மீன் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? நம் நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஈக்கான் பண்டாராயாவிடமிருந்து வந்தது. நகராண்மையின் துப்புரவு வேலையைச் செய்கிறது என்று மலாய்க்காரர்கள் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த கவசக் கெளுத்திதான், குச்சி மீனுக்குப் பங்காளி முறை. ஆனால் பங்காளிகள் எல்லாரும் ஒரே குணமாகவா இருக்கிறார்கள்? பண்டாராயா முரட்டு மீன். நீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றின் வழியாகவே சுவாசித்துக்கொள்ளும். சாக்கடையிலும் பிழைக்கும். குச்சி மீனோ தெளிந்து ஓடும் நீரில் வாழ்ந்து பழகியது. கெட்ட நீரை அதனால் தாங்க முடியாது. இரண்டும் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொள்கின்றன என்பதற்காக இரண்டும் அழுக்கில் வாழும் என்று எண்ணியதே எங்கள் முதல் தவறு. எந்த மீனும் மீன் கழிவைத் தின்று வாழ்வதில்லை. அவை சுரண்டித் தின்பது பாசியை.

அடுத்த தவறு, புதிய தொட்டியில் மீனை விட்டது. மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு நீரில் சேர்கிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் உண்டு. அவை வடிகட்டியின் பஞ்சிலும் சரளைக் கல்லிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். அதுவரை நீர் கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருக்கும். உள்ளே நஞ்சு ஏறிக்கொண்டிருக்கும். எங்கள் தொட்டிக்கு வயது எட்டு நாள்! குச்சி மீனுக்கோ ஆறு வாரமும் போதாது. சில மாதங்கள் ஓடி, கண்ணாடியிலும் கல்லிலும் பச்சைப் பாசி படிந்த தொட்டியே ஏற்றது. தொட்டி மூன்றடி நீளமாவது இருப்பது நல்லது. வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் பளிச்சென்று கழுவிவிடாதீர்கள். குளோரின் பட்டால் அந்த நுண்ணுயிர்கள் மடிந்துபோகும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசிப் பிழிந்தால் போதும்.

வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்ற வேண்டும். ஒரேயடியாக முழு நீரையும் கொட்டி மாற்றுவது கூடாது. குழாய் நீரில் குளோரினை நீக்கும் மருந்து கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. அதைக் கலந்தே ஊற்றுங்கள். மழைநீர் மென்மையானது, இந்த மீனுக்கு உகந்தது. ஆனால் கூரை கழுவப்படும் முதல் மழையைப் பிடிக்க வேண்டாம். இங்கே வாளியைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நம் வீடுகளில் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலைக்குச் செல்பவர்கள் இருக்கிறார்கள். மருந்து கலந்த வாளியை எத்தனை முறை கழுவினாலும் அது மீன் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. மீனுக்கென்று ஒரு வாளி, அதில் பெரிய எழுத்தில் பெயர். அதுபோலவே கொசுவுக்குப் புகையடிக்க வரும் நாளில் காற்றுப் பம்பை நிறுத்தித் தொட்டியை ஈரத் துணியால் மூடிவிடுங்கள். புகை அடங்கி வீடு காற்றாடிய பின் துணியை எடுத்துப் பம்பை ஓடவிடலாம்.

ஈப்போவில் வாழும் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம்மைச் சுற்றி நிற்பவை சுண்ணாம்புக்கல் மலைகள். பிள்ளைகள் அழகான வெள்ளைக் கற்களையும் பளிங்குச் சில்லுகளையும் பொறுக்கி வந்து தொட்டியில் அடுக்குவார்கள். நாங்களும் அடுக்கினோம். சுண்ணாம்புக்கல் சிறிது சிறிதாகக் கரைந்து நீரைக் கடினமாக்கும், காரத்தன்மையைக் கூட்டும். குச்சி மீனுக்கு வேண்டியதோ மென்மையான, சற்றே அமிலத் தன்மையுள்ள நீர். கல்லை அறிய எளிய வழி இருக்கிறது. சமையலறையிலிருந்து இரண்டு சொட்டு வினிகரை எடுத்துக் கல்லின் மேல் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புக்கல், தொட்டிக்கு ஆகாது. எங்கள் கற்களில் ஏழு நுரைத்தன. அறிவியல் பாடத்தில் நாங்கள் செய்து காட்டிய சோதனைகளிலேயே பிள்ளைகள் மறக்காதது அதுதான் என்று தோன்றுகிறது. கல்லுக்குப் பதிலாக ஊறிய மரக்கட்டையைப் போடலாம். உதிர்ந்து காய்ந்த கெத்தாப்பாங் இலை ஒன்றிரண்டு போட்டால் நீர் தேநீர் நிறமாகும்; அதனால் மீனுக்குக் கேடில்லை.

வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். 24 முதல் 27 பாகை வரை இதற்கு ஏற்றது. தகரக் கூரையின் கீழ் நண்பகலில் நம் தொட்டிகள் அதற்கு மேலே போய்விடுகின்றன. நீர் சூடேறினால் அதில் பிராணவாயு குறையும். ஆகவே தொட்டியை வெயில் விழும் சன்னலருகில் வைக்காமல், வீட்டின் குளிர்ந்த மூலையில் தரையை ஒட்டி வையுங்கள். நீரின் மேற்பரப்பு சலசலத்துக்கொண்டிருக்கட்டும். மீன்களின் எண்ணிக்கையையும் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

தீனி விஷயத்தில்தான் எங்கள் பெரிய பாவம் நடந்தது. ஒன்பது நாளும் அந்த மீன்கள் பட்டினி. புதிய தொட்டியில் பாசி ஏது? இப்போது நாங்கள் செய்வது இது: மாலையில் விளக்கை அணைத்ததும், வெந்நீரில் முக்கி எடுத்த வெள்ளரித் துண்டையோ கங்கோங் கீரையையோ ஒரு கல்லில் கட்டி அடியில் இறக்குகிறோம். காலையில் மிச்சத்தை எடுத்துவிடுகிறோம். கீரையை நன்றாக அலசியே போடுகிறோம். பாசியையும் நாமே வளர்க்கலாம். வெளியே வெயிலில் ஒரு தகர டப்பாவில் நீரும் நாலைந்து ஆற்றுக்கற்களும் போட்டு வைத்தால் இரண்டு வாரத்தில் பச்சை பிடித்துவிடும். ஒரு கல்லைத் தொட்டியில் வைப்பது, தின்று தீர்ந்த கல்லை மறுபடி வெயிலுக்கு அனுப்புவது என்று மாற்றிக்கொண்டிருக்கிறோம். டப்பாவில் கொசுப்புழு வராமல் வலைத்துணி கட்டுங்கள். குச்சி மீன் மெல்லத் தின்னும், சண்டைக்குப் போகாது. ஆகவே தீனியைப் பறிக்கும் மீன்களோடும் வாலைக் கடிக்கும் மீன்களோடும் சேர்க்க வேண்டாம். வாங்கும்போது கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மீனின் வயிற்றைப் பாருங்கள். உள்ளே ஒட்டிப்போயிருந்தால் அது ஏற்கெனவே பட்டினி கிடந்த மீன். மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நன்றாக வளர்ந்தால் முட்டையிடும். ஆண் மீனின் மூக்கோரங்களில் சிறு முடிகள் போன்ற முட்கள் முளைத்திருக்கும். முட்டைகளைக் கண்ணாடியிலோ தண்டிலோ ஒட்டிவிட்டுத் தாய் போய்விடும். குஞ்சு பொரியும் வரை ஒரு வாரம், பத்து நாள் காவல் இருப்பது தகப்பன். பொரித்த குஞ்சுகளுக்கு உடனே பாசி கிடைக்காவிட்டால் அவை தங்காது.

இனி அந்தக் குட்டைகளின் விஷயம். தோட்டங்கள் வீடமைப்புக்காக விற்கப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு இடம் பெயர்வதை நாம் பார்த்து வருகிறோம். எங்கள் மாணவர் குடும்பம் ஒன்றும் அவ்வாறு புறப்பட்டது. அவர்கள் வீட்டுத் தொட்டியில் முக்கால் அடி நீளத்துக்கு வளர்ந்த பண்டாராயா இரண்டும், வேறு சில மீன்களும் இருந்தன. புதிய வீட்டில் தொட்டிக்கு இடமில்லை. அந்த அப்பா நல்ல மனிதர். "உயிரைக் கொல்ல மனசு வரல. குட்டையில விட்டா எங்கயாவது பொழச்சுப் போகும்" என்றார். நம்மில் பலர் இப்படித்தான் எண்ணுகிறோம். அதைப் புண்ணியமென்றும் நினைக்கிறோம்.

ஆனால் அது பிழைத்துப்போவதுதான் துன்பம். கவசம் அணிந்த அந்த மீனை இங்குள்ள மீன்களும் பறவைகளும் எளிதில் தின்ன முடியாது. கரையில் துளை போட்டுக் குடியேறி முட்டையிடும், கரை சரியும். மீன் பிடிப்பவர் வலையில் முள் மாட்டி வலை கிழியும். மழை வெள்ளத்தில் குட்டை நிரம்பி வழிந்தால் ஆற்றுக்குப் போய்விடும். கிள்ளான், லங்காட் ஆறுகளில் அது பெருகிப்போய், சிலாங்கூரில் தொண்டர்கள் வலைபோட்டு அதை வாரி அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் இதே கதை. குச்சி மீனை விட்டாலோ அது பெரும்பாலும் செத்தே போகும். ஆக, விடுவதால் ஒன்று நம் மீன் சாகும், இல்லையேல் ஊர் மீன் சாகும்.

வேறு என்ன செய்வது என்று கேட்பீர்கள். மீன் கடைக்காரர்களில் பலர் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள், காசு தராவிட்டாலும். தொட்டி உள்ள பள்ளிக்கோ, உறவினர் வீட்டுக்கோ கொடுக்கலாம். அந்த அப்பாவிடம் எங்கள் பள்ளி மூன்றடித் தொட்டியையே கேட்டு வாங்கிக்கொண்டது. இரண்டு பண்டாராயாவையும் ஈப்போவில் பெரிய சிமெண்டுத் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் சேர்த்தோம். அதற்கு மூன்று சனிக்கிழமைகள் அலைந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த மூன்றடித் தொட்டியில் இப்போது மூன்று குச்சி மீன்கள் பத்து மாதங்களாக இருக்கின்றன. தொண்டையில் தகடு இருக்கிறதா என்று பிள்ளைகள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து அடிப்பக்கமாகப் பார்த்தார்கள்; இருக்கிறது, எனவே இவை வுய்ஜுகு அல்ல. அன்று கேள்வி கேட்ட சிறுமி இவ்வாண்டு ஆறாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் நீர் மாற்றும் வாளி அவள் பொறுப்பு. வேறு யாரும் அதைத் தொட அவள் விடுவதில்லை.